கரி தேய்த்தும் போகாத கறை: மலையகத்திலிருந்து ஒரு பற்சிகிச்சை நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தின் ஓர் அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் நடந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவரையும் அவருடைய தோட்டத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவருக்கு வயது 24. தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. தாயுடன் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வசிக்கிறார். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை இல்லை. மேல் முன்பற்களில் பழுப்பு நிறத் திட்டுகள் நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருந்தன என்றார். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கும் பழக்கம் அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. எங்களிடம் பேசும்போதும் கை வாயருகிலேயே இருந்தது.

அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தது அந்தத் திட்டுகள் அல்ல, பற்கூச்சம். அதற்கு முன் நடந்த மூன்று மாதக் கதையை அவர் இரண்டாவது வருகையில்தான் முழுதாகச் சொன்னார். ஆனாலும் நடந்த வரிசையில் அது இங்கேதான் வர வேண்டும்.

முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பல் விளக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன், "டீச்சர், நீங்கள் பல் விளக்குவது இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். அன்று மாலையே அவர் அடுப்புக்கரியை இடித்து, உப்புக் கலந்து தேய்க்கத் தொடங்கினார். காலையும் இரவும், விரலால் அல்ல, கடினமான பிரஷ்ஷால். ஒரு மாதத்தில் பலன் இல்லை. பிறகு கைத்தொலைபேசியில் பார்த்த ஒரு காணொளியை நம்பி, தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, ஐந்து நிமிடம் வைத்திருந்து, அதன் மேலேயே பிரஷ்ஷால் தேய்த்தார். கடைசியாக, என்னென்ன சேர்ந்தது என்று எதுவும் அச்சிடப்படாத ஒரு 'வெண்மையாக்கும் பொடி'யை வரவழைத்துப் பயன்படுத்தினார். மூன்றாவது மாதத்தில் சூடான தேநீர் குடிக்க முடியவில்லை. மலையின் அதிகாலைக் குளிரில் பீலித் தண்ணீரை வாயில் ஊற்றினால் மண்டை வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது என்றார்.

முதல் வருகை

அன்று வெளிநோயாளர் வரிசை நீளமாக இருந்தது. நான் பார்த்தவை: கீழ் முன்பற்களின் உட்புறத்தில் இறுகிப் படிந்த பற்காரையும் அதன் மேல் படிந்த கரும்பழுப்புத் தேநீர்க் கறையும், பல் இடுக்குகளிலும் அதே கறை, ஈறு ஓரங்களில் சிவப்பு. மேல் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தேநீர் என்று கேட்டேன். ஐந்து, ஆறு வெறுந்தேநீர் என்றார். தேயிலைத் தோட்டத்தில் அது அதிசயமான எண்ணிக்கை அல்ல. "தேநீர்க் கறைதான் தங்கச்சி, சுத்தம் செய்தால் போய்விடும்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பற்காரை அகற்றி மெருகூட்டினேன். உட்புறக் கறையும் இடுக்குக் கறையும் முழுதாகப் போயின. மேல் முன்பற்களின் திட்டுகள் அசையவே இல்லை. சுற்றியிருந்த மங்கல் நீங்கியதால் அவை முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. கண்ணாடியைப் பார்த்த அவர் ஒன்றும் பேசவில்லை. கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன. கூச்சத்துக்கான பற்பசை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

இரண்டாவது வருகை: தண்ணீரைப் பற்றிய கேள்வி

இந்த முறை தாயும் வந்திருந்தார். நாற்காலியைச் சாய்த்து, பற்களை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். முதல் நாள் அப்படிப் பார்க்கவில்லை.

உலர்ந்த பல் வேறு கதை சொன்னது. பழுப்புத் திட்டுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற வெண்மை, கிடைக் கோடுகளாக ஓடியது. இடப்பக்கம் இருந்தது அப்படியே வலப்பக்கமும் இருந்தது. இடது நடு வெட்டுப்பல்லில் சிறிய ஒரு குழி. கடைவாய்ப் பற்களிலும் அதே சுண்ணாம்பு வெண்மை. தேநீர்க் கறை இப்படிச் சமச்சீராக, ஒரே காலத்தில் உருவான பற்களை ஒரே அளவில் பிடிக்காது. அது நாக்கும் பிரஷ்ஷும் எட்டாத இடம் தேடிப் படியும்.

இன்னொரு பக்கம், மூன்று மாதத் தேய்ப்பின் சேதம். கோரைப்பற்களிலும் முன்கடைவாய்ப் பற்களிலும் ஈறு ஓரத்தில் ஆப்பு வடிவ வெட்டுகள். வலக்கைக்காரர் என்பதால் இடப்பக்கத்தில் ஆழம் கூடுதல். வெட்டுப்பற்களின் நுனி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. இளம் வயதுப் பல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய நுண்ணிய வரிகள் அங்கே இல்லை.

பல்லை மூடியிருக்கும் எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அதை உருவாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அமிலத்தை அளக்கும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2 முதல் 2.5 வரை. சாற்றில் மென்மையான அந்த வேளையிலேயே பிரஷ்ஷால் தேய்த்தது இரட்டைச் சேதம். அப்பச்சோடா அமிலத்தை முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கையளவில் கலக்கும் கலவையில் எது மிஞ்சுகிறது என்று யாரும் அளப்பதில்லை.

அப்போதுதான் கேட்டேன்: "தங்கச்சி, சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்? என்ன தண்ணீர் குடித்தீர்கள்?"

பதில் தாயிடமிருந்து வந்தது. "இவள் பிறந்தது வவுனியாவில் டொக்டர். ஒன்பது வயதில்தான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன்."

தந்தைவழி உறவினர் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாவில் குடியேறியவர்கள். மலையகத்துக் குடும்பங்கள் பல அப்படிப் போயின. இவர்களும் பின்னாளில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தந்தை இறந்த பின் தாய் மகளுடன், தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பினார். மகன் அங்கேயே தங்கிவிட்டார். வவுனியாவில் குடித்ததும் சமைத்ததும் வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில்.

தாய் தொடர்ந்தார். "அண்ணனுக்குப் பல் முத்துப்போல. ஒரே வீடு, ஒரே தண்ணீர்தான். இவள்தான் ஒழுங்காக விளக்குவதில்லை என்று சின்னதிலிருந்து அடித்திருக்கிறேன்."

அண்ணன் எட்டு வயது மூத்தவர். குடும்பம் வவுனியா போனபோது அவருக்கு ஏழு வயது. இந்தத் தகவலுக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கு, ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அண்ணனின் முன்பற்கள் மலை ஊற்றுத் தண்ணீரில் உருவாகி முடிந்தவை. தங்கையின் பற்கள் முழுக்க முழுக்க வவுனியாத் தண்ணீரில் உருவானவை.

நோய் நிர்ணயமும் அதன் காரணமும்

இது புளோரோசிஸ். பல் தாடைக்குள் உருவாகும் காலத்தில் புளோரைட்டு அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் எனாமல் முழுமையாகக் கனிமமாவதில்லை. மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் நிறைந்ததாக அமைகிறது. அதுதான் சுண்ணாம்பு வெண்மை. முளைத்த பிறகு உணவின் நிறம் அந்தத் துளைகளுக்குள் இறங்கித் தங்குவதால் பழுப்பு வருகிறது. ஆகவே தேநீருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நிறம் உட்கார்ந்திருப்பது பல்லின் மேல் அல்ல, பல்லுக்குள். கரி எவ்வளவு தேய்த்தாலும் எட்டாது. புளோரோசிஸின் கடுமையைத் தரம்பிரிக்கும் டீனின் வகைப்பாட்டில் இதை 'மிதமானது' என்று பதிவுசெய்தேன்.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கையின் உலர் வலயத்தில், வட மத்திய மாகாணத்திலும் வவுனியா போன்ற பகுதிகளிலும், நிலத்தடி நீர் பல இடங்களில் இதைத் தாண்டுகிறது. அங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து புளோரைட்டு கரைகிறது. மழை குறைவு, ஆவியாதல் அதிகம், நீர் மெதுவாகவே நகர்கிறது. மலைநாட்டில் பெருமழை மண்ணையும் பாறையையும் ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பதால் ஊற்றுநீரில் புளோரைட்டு குறைவு. அதனால்தான் இங்கே பணியாற்றும் எங்கள் கண்ணுக்குப் புளோரோசிஸ் முதலில் தோன்றுவதில்லை. தேயிலைச் செடி தானே புளோரைட்டைச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. ஒரு வயதிலிருந்தே மகளுக்கு வெறுந்தேநீர் கொடுத்ததாகத் தாய் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

வேறு காரணங்களையும் விலக்க வேண்டியிருந்தது. கர்ப்ப காலத்திலோ எட்டு வயதுக்கு முன்போ டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்தால் சாம்பல் கலந்த பழுப்புப் பட்டைகள் வரும்; அப்படி நீண்ட மருந்து எதுவும் இல்லை. அண்ணனின் பற்கள் நன்றாக இருந்ததும், வெண்மை கிடைக் கோடுகளாக ஓடியதும் பரம்பரை எனாமல் குறைபாட்டுக்கு எதிராக நின்றன.

அதே நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தாய் இருபது ஆண்டுகளாக வெற்றிலை போடுபவர். பற்கள் செங்கறுப்பு. அவரையும் உட்காரவைத்து வாயின் உட்சதையைப் பரிசோதித்தேன். வெண்படலமோ இறுக்கமோ புண்ணோ இல்லை. பற்களைச் சுத்தம் செய்தேன். அரை மணி நேரத்தில் இருபது வருடக் கறையில் பெரும்பகுதி போய்விட்டது. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவினது போகிறது, என்னுடையது போகவில்லை" என்றார். நான் சொன்ன விளக்கங்களைவிட அதுதான் அவருக்குப் புரியவைத்தது. தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்ததைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும், கறை போனதால் ஆபத்து போனதாகாது என்பதைத் தாய்க்குத் தனியே சொன்னேன்.

முடிவுகள்

முதல் முடிவு, வெண்மையாக்கலை உடனே தொடங்கக் கூடாது என்பது. அவருக்கு அது ஏமாற்றம். ஆனால் மெலிந்த எனாமலும், அதற்கு அடியில் இருந்து திறந்து கிடந்த டென்டின் அடுக்கும் உள்ள வாயில் பெரொக்சைட்டு என்ற வெளிற்றும் மருந்தைப் போட்டால் கூச்சம் தாங்க முடியாததாகும். வெளிற்றுவதால் புளோரோசிஸின் வெண்கோடுகள் தற்காலிகமாக இன்னும் எடுப்பாகத் தெரியவும் கூடும். முதலில் சேதத்தை நிறுத்துவோம், எட்டு வாரம் காத்திருப்போம் என்றேன்.

கரி, தேசிக்காய், பொடி மூன்றும் நிறுத்தம். மென்மையான பிரஷ். பொட்டாசியம் நைத்திரேற்றும் 1,450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1,450 பங்கு) புளோரைட்டும் உள்ள பற்பசை. விளக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுவது. புளிப்பு எதையும் சாப்பிட்டால் குறைந்தது அரை மணி நேரம் பிரஷ் தொடாமல் இருப்பது. வைத்தியசாலையில் 5 சதவீத சோடியம் புளோரைட்டு வார்னிஷ் பூசினோம். ஈறு ஓர வெட்டுகளைக் கண்ணாடி அயனோமர் சீமெந்தால் அடைத்தோம்.

நான்கு வாரத்தில் அவர் திரும்பி வந்தார். கூச்சம் குறைந்திருக்க வேண்டும்; குறையவில்லை. விசாரித்தபோது, பற்பசையை மாற்றிவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பல்லைக் கெடுத்தது புளோரைட்டு என்றால் அதையே ஏன் மறுபடி தேய்க்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. புளோரைட்டு இல்லாத ஒரு மூலிகைப் பற்பசைக்குப் போய்விட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லாதது என் பிழை. பேனாவால் தாளில் வரைந்து விளக்கினேன். கெடுதல் நடந்தது பல் தாடைக்குள் உருவான காலத்தில், விழுங்கிய தண்ணீரால். அந்தக் காலம் முடிந்துவிட்டது. முளைத்த பல்லுக்குப் புளோரோசிஸ் வராது. இப்போது பற்பசையில் உள்ள புளோரைட்டு பல்லின் மேற்பரப்பில் மட்டும் வேலை செய்கிறது. அமிலம் கரைத்த கனிமம் உமிழ்நீரிலிருந்து மீண்டும் பல்லில் படிய உதவுகிறது. அப்படிப் படிவது முன்னதைவிட அமிலத்தைத் தாங்கும். பிஎச் 5.5க்குப் பதிலாக ஏறக்குறைய 4.5 வரை இறங்கினால்தான் கரையும். "குழைத்த சீமெந்தில் தண்ணீர் கூடினால் சுவர் பலமில்லாமல் போகும், கட்டி முடித்த சுவருக்குத் தண்ணீர் ஊற்றினால் இறுகும்" என்றேன். தோட்டத்தில் வீடு கட்டும்போது அவர் அதைப் பார்த்திருக்கிறார். பற்பசைக்குத் திரும்பினார். அடுத்த ஆறு வாரத்தில் வெறுந்தேநீரைச் சூடாகவே குடிக்க முடிந்தது.

திட்டுகளுக்கான சிகிச்சை

பேராதனைப் பல் மருத்துவப் போதனா வைத்தியசாலையில் உள்ள ஒரு மூத்தவரிடம் ஆலோசித்தேன். நுண் உராய்வு முறையைத் தேர்ந்தோம். அமிலமும் உராய்பொடியும் சேர்த்து, நிறம் தங்கிய மேலடுக்கை மிக மெல்லியதாக எடுப்பது அது.

தேசிக்காயைத் தடுத்துவிட்டு நானே அமிலம் பூசப்போகிறேன் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. வேறுபாடு அளவில் இருக்கிறது. மேல் வெட்டுப்பல்லின் முன்புற நடுப்பகுதியில் எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. இந்த முறையில் எடுபடுவது அதில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. இவருடைய திட்டுகள் நடுப்பகுதியில் இருந்தன. தேய்மானம் நுனியிலும் ஈறு ஓரத்திலும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

ரப்பர் விரிப்பால் பற்களைத் தனிமைப்படுத்தி, கண்ணுக்குக் காப்பு அணிவித்து, 37 சதவீத பொஸ்போரிக் அமில ஜெல்லுடன் பியூமிஸ் பொடியைக் கலந்து, மெதுவாகச் சுழலும் ரப்பர்க் கிண்ணத்தால் ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி. கழுவி, நனைந்த பல்லை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, பிறகே அடுத்த தடவை. நடு வெட்டுப்பற்களுக்கு ஆறு தடவை, பக்க வெட்டுப்பற்களுக்கு நான்கு. பழுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. தொடரலாம் என்ற ஆசை வந்தது, நிறுத்தினேன். மீண்டும் புளோரைட்டு வார்னிஷ்.

ஒரு மாதம் கழித்து வீட்டிலேயே செய்யும் வெளிற்றல். வாய்க்கு அளவெடுத்துச் செய்த தட்டில் 10 சதவீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல். 1989 முதல் பல் மருத்துவத்தில் பயன்பட்டுவரும் முறை இது. 10 சதவீத ஜெல்லிலிருந்து கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட்டு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். அது எனாமலுக்குள் ஊடுருவி நிறமுள்ள மூலக்கூறுகளை உடைக்கிறது, எனாமலைச் சுரண்டுவதில்லை. ஜெல்லை வெளியே வாங்க வேண்டியிருந்தது. முன்பள்ளி ஆசிரியையின் சம்பளத்தில் அது சிறிய தொகை அல்ல. ஆகவே அது கட்டாயம் அல்ல என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர் விரும்பினார். நான்காவது இரவு கூச்சம் திரும்பியது. மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றினோம். மொத்தம் பன்னிரண்டு இரவுகள். இரண்டு வாரம் இடைவெளி விட்டு இடது பல்லின் குழியைக் கலவைப் பிசினால் நிரப்பினேன்.

பின்தொடர்தல்

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழுப்பு வெளிர் மஞ்சளாகக் குறைந்திருந்தது. வெண்கோடுகள் இருக்கின்றன, பேசும் தூரத்தில் தெரிவதில்லை. கூச்சம் இல்லை. அடைப்புகள் நிற்கின்றன. விளம்பரப் படத்து வெண்மை வரவில்லை. அதை நான் வாக்களிக்கவும் இல்லை. முன்பற்களை மூடி ஓடு வைக்கும் வாய்ப்பைச் சொன்னேன். அதற்குப் பல்லைச் சீவ வேண்டியிருக்கலாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும் என்றதும், "இது போதும் டொக்டர், இது என் பல்" என்றார். கை வாயருகே வரவில்லை.

மாற்றிக்கொண்டவை

முதல் நாள் நான் புகைப்படம் எடுக்கவில்லை. பற்காரை அகற்றிய பிறகே முதற்படம். ஒப்பிட அது போதவில்லை. பல்லை உலர்த்தாமல் பார்த்து, வரிசையின் அவசரத்தில் காரணத்தையும் சொல்லிவிட்டேன். வைத்தியர் வாயிலிருந்து வந்த 'தேநீர்க் கறை' என்ற சொல், அவர் ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்ற வீட்டுத் தீர்ப்பை இரண்டு வாரத்துக்கு உறுதிப்படுத்தியிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது கறை என்று வரும் எவரிடமும், பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை எங்கே வாழ்ந்தீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்ற கேள்வியைப் பரிசோதனைக்கு முன்பே கேட்கிறோம். அட்டையில் அதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மலையகத்துக்கும் வவுனியா அடங்கிய வன்னிக்கும் இடையே குடும்பங்கள் போய்வந்திருக்கும் வரலாற்றில், இன்றைய முகவரி பல்லின் முகவரி அல்ல. வீட்டில் என்னென்ன தேய்த்தீர்கள் என்பதையும் குற்றம்சாட்டும் குரல் இல்லாமல் கேட்கப் பழகியிருக்கிறோம். குரல் கடுத்தால் யாரும் சொல்வதில்லை. புளோரோசிஸ் என்று சொல்லும் அதே மூச்சில் பற்பசையின் புளோரைட்டு வேறு என்பதையும் சொல்கிறோம்.

அண்ணனின் வீடு

கடைசி வருகையின்போது தாய் ஒரு கேள்வி வைத்திருந்தார். வவுனியாவில் மகனின் வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். அதே கிணறு. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறார்கள், அது போதுமா?

போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அது செறிவடையவே செய்யும். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னேன். மகன் கொடுத்துப் பார்த்தார். அளவு 1.5ஐத் தாண்டியிருந்தது. அருகில் உள்ள, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) முறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குழந்தைக்குத் தேநீரை நிறுத்திவிட்டார்கள். பற்பசை, அரிசியளவு அல்ல, மூன்று வயதானதால் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குவது தந்தையின் பொறுப்பு.

அவளுடைய நிரந்தர முன்பற்களில் பெரும்பகுதி ஏற்கெனவே உருவாகியிருக்கும். பின்னே வரும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் இரண்டாம் கடைவாய்ப் பற்களுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. முதல் வெட்டுப்பற்கள் முளைக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அப்போது மலைக்குக் கூட்டிவந்து காட்டச் சொல்லி, அத்தையின் அட்டையிலேயே குறித்துவைத்திருக்கிறேன்.